வீட்டுத் தோட்டமும் தற்சார்பும்

(செகந்திராபாத்தில் நடைபெற்ற தமிழ்த் தோழர்களின் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆடி பிறக்க இன்னும் சில நாள்களே உள்ளன. ஆடிப்பட்டம் தேடி விதை என்று நம் முன்னோர் சொன்ன பருவம் இது. வீட்டுக் காய்கறித் தோட்டம் பற்றிப் பேசுமாறு கிளைத் தோழர்கள் என்னைப் பணித்துள்ளார்கள். நான் வேளாண்மை படித்தவன் அல்லன். கட்சி ஆவணங்களைத் தமிழாக்குவது என் பணி. ஆறு ஆண்டுகளாக வாடகை வீட்டின் மொட்டைமாடியில் இருபது பைகளில் கீரையும் காயும் வளர்த்து வருகிறேன். இந்தத் தலைப்பில் பேச எனக்குள்ள தகுதி அவ்வளவுதான்.

சென்ற கூட்டத்தில் இது பற்றிப் பேச்சு எழுந்தபோது மூன்று கருத்துகள் வந்தன. மூத்த தோழர் ஒருவர், "விலைவாசியை எதிர்த்துத் தெருவில் நிற்க வேண்டிய நேரத்தில் கத்தரிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறீர்களா?" என்று கேட்டார். மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரியும் இளந்தோழர் ஒருவர், ஒவ்வொரு வீடும் தனக்கு வேண்டியதைத் தானே விளைவித்துக்கொண்டால் சந்தையின் பிடியிலிருந்து விடுபட்டுவிடலாம் என்றார். இருவருக்கும் ஏதோ பதில் சொன்னேன். பிறகு, வீட்டுவேலை செய்யும் ஒரு பெண் தோழர் எழுந்து, "அண்ணா, நான் நாலு வீட்டு மாடித் தோட்டத்துக்குத் தண்ணி ஊத்துறேன். நாங்க அஞ்சு பேரும் ஒரே ரூம்ல இருக்கோம். எனக்கு எந்த மாடி?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இந்த உரை அவருக்குச் சொல்ல வேண்டிய பதில்தான். மற்ற இருவருக்கும் உரியது அதற்குள்ளேயே வந்துவிடும்.

சொல்லும் பொருளும்

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். தன்னிறைவு, தற்சார்பு என்ற இரண்டு சொற்களையும் நாம் ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் பயன்படுத்துகிறோம். நானும் பல கட்டுரைகளில் அவ்வாறு எழுதியிருக்கிறேன், அது பிழை. தன்னிறைவு என்பது வேண்டியதெல்லாம் தன்னிடமே இருக்கும் நிலை. தற்சார்பு என்பது, வேண்டியதைப் பிறரிடமிருந்து பெற்றாலும் எவர் பிடிக்குள்ளும் சிக்காமல் நிற்கும் ஆற்றல். முன்னது எந்தத் தனி வீட்டுக்கும் வாய்க்காது. பின்னது மக்கள் ஒன்றுசேர்ந்தால் வாய்க்கும்.

இந்த வேறுபாட்டை மறந்தால் என்ன நேரும் என்பதை நம் கண்முன்னே பார்த்தோம். 2020 மே 1 அன்று, ஊரடங்கில் சிக்கிய புலம்பெயர் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு நாட்டின் முதல் சிறப்பு ரயில் இதே நகரின் லிங்கம்பள்ளி நிலையத்திலிருந்து ஜார்க்கண்டின் ஹட்டியாவுக்குப் புறப்பட்டது. ரயில் கிடைக்காதவர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்துகொண்டிருந்தார்கள். அடுத்த பதினோராம் நாள், மே 12 அன்று, "ஆத்மநிர்பர் பாரத்" என்ற முழக்கத்தைப் பிரதமர் அறிவித்தார். ஜூன் மாதத் தொடக்கத்தில் வேளாண் அவசரச் சட்டங்கள் வந்தன. தற்சார்பின் பெயரால் உழவரைப் பெரு நிறுவனங்களிடம் ஒப்படைக்க வந்த அந்தச் சட்டங்களைத் திரும்பப் பெறச் செய்ய உழவர்கள் தில்லி எல்லையில் ஓராண்டு அமர வேண்டியிருந்தது. "உன்னை நீயே பார்த்துக்கொள்" என்று அரசு கைகழுவுவதற்கும் தற்சார்பு என்றே பெயர் சூட்டப்படுகிறது. ஆகவே வீட்டுத் தோட்டத்தைப் பற்றிப் பேசும்போது நாம் எந்தப் பொருளில் பேசுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும்.

கணக்கும் பயிரும்

முதலில், தோட்டம் என்ன தரும்? இங்கிருந்து சிறிது தொலைவில் தார்நாக்காவில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் உள்ளது. 1918இல் நம் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் ஒற்றை அறையில் தொடங்கிய ஆய்வகம்தான் வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று அப்பெயரில் இயங்குகிறது. அது 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல் ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி வேண்டும் என்கிறது. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் 48 கிலோ.

சென்ற கார்த்திகை முதல் பங்குனி வரை ஐந்து மாதங்கள் என் மாடியில் பறித்ததையெல்லாம் நிறுத்து நோட்டில் குறித்து வைத்தேன். மொத்தம் 41 கிலோ. எங்கள் வீட்டில் நால்வர். அந்த ஐந்து மாதங்களுக்கு வேண்டியது 240 கிலோ. தேவையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. மண் தயாரித்து, நீர் சுமந்து, புழு பொறுக்கிக் கிடைத்தது இவ்வளவு. அதுவும் நல்ல பருவத்தில். சித்திரை, வைகாசி வெயிலில் பாதிப் பைகள் காய்ந்து கிடந்தன. சந்தையிலிருந்து விடுபடலாம் என்ற இளந்தோழருக்கு என் நோட்டைக் காட்ட விரும்புகிறேன்.

ஆனால் அந்த ஆறில் ஒரு பங்கை இகழவும் கூடாது. ஏனெனில் அதில் பெரும்பகுதி கீரை. நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. கீரை மட்டுமே அதைத் தீர்க்காது; பருப்பும் முட்டையும் மீனும் இறைச்சியும் மருத்துவமும் வேண்டும். எனினும் மாதக் கடைசியில் கையில் காசு குறையும்போது வீட்டில் முதலில் குறைவது காய்கறி. அதிலும் குறைவது அம்மாவின் தட்டில். பறித்த உடனே சமைக்கப் படிக்கட்டுக்கு மேலே கீரை இருக்குமானால் அந்தத் தட்டு வெறுமையாகாது.

எனவே செய்ய விரும்புவோருக்குச் சில குறிப்புகள். புதிதாகத் தொடங்குபவர் தக்காளியில் தொடங்க வேண்டாம், கீரையில் தொடங்குங்கள். முளைக்கீரை ஒரு மாதத்துக்குள் பறிப்புக்கு வரும். இங்கே தெலுங்கு மக்கள் கோங்கூரா என்று கொண்டாடும் புளிச்சக்கீரையும், பச்சலி என்று அழைக்கும் கொடிப்பசலையும் இந்த மண்ணுக்கும் வெயிலுக்கும் பழகியவை. வெண்டை, கத்தரி, மிளகாய், கொத்தவரை ஆகியவற்றை ஆடியில் விதைக்கலாம். செம்மண், மக்கிய எரு, தென்னை நார்க்கழிவு மூன்றும் சம அளவு கலந்தால் பை கனக்காது, நீரும் தங்கும். அரிசி கழுவிய நீரை வீணாக்காதீர்கள். மாவுப்பூச்சி வந்தால் ஒரு லிட்டர் நீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். கடையில் வாங்கும் ஒட்டுவீரிய விதையில் விளைந்த காயிலிருந்து எடுக்கும் விதை அடுத்த முறை அதே குணத்துடன் வராது. ஆகவே நாட்டு விதையைத் தேடிப் பிடித்து, முதல் நல்ல காயை விதைக்கென்றே முற்றவிடுங்கள்.

கீரை இருந்தது, உப்பு இல்லை

இனி, நான் எம்.ஏ. வகுப்பில் படித்த சிறுபாணாற்றுப்படையிலிருந்து ஒரு காட்சி. பாணனின் வீட்டில் வறுமை. அவன் மனைவி குப்பையில் தானாக முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி வந்து, உப்பில்லாமல் வேகவைக்கிறாள். அதைப் பிறர் பார்த்தால் வெட்கம் என்று கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு உண்கிறாள்.

அன்று அதைப் புலவர் காட்டிய வறுமைச் சித்திரம் என்றே படித்தேன். இன்று வேறொன்றும் தெரிகிறது. அந்த வீட்டில் கீரை இருந்தது. வீட்டுக்கு அருகிலேயே, விலையின்றி, எந்த மருந்தும் தெளிக்காத கீரை. இன்றைய கணக்கில் அது முழுமையான தற்சார்பு! ஆயினும் அவள் கதவை அடைத்தாள். காரணம், உப்பு இல்லை, அரிசி இல்லை. உப்பு எந்த வீட்டுத் தோட்டத்திலும் விளைவதில்லை. அது கடற்கரை உப்பளத் தொழிலாளியின் உழைப்பிலிருந்து, பல கைகளைக் கடந்து வர வேண்டும். அந்தத் தொடர்பு அறுந்த வீட்டில் கீரை இருந்தும் பசி தீராது, மானமும் மிஞ்சாது.

கொல்லை யாருடையது?

என் அப்பா ரயில்வே தொழிலாளி. லாலாகூடாப் பகுதியில் குடியிருந்தோம். வீட்டுக்குப் பின்னே சிறு கொல்லை. ஒரு முருங்கை, தண்ணீர்த் தொட்டியருகே கொடிப்பசலை. 1974 மே 8 முதல் 27 வரை நடந்த ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது நான் சிறு குழந்தை. பின்னாளில் அம்மா சொல்லிக் கேட்டதுதான். இருபது நாளும் முருங்கைக்கீரை எங்களுக்கு மட்டுமல்லாமல் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் போயிருக்கிறது. எங்கள் வீட்டுக்குக் கேழ்வரகு மாவு வந்திருக்கிறது. அரிசியும் உப்பும் மளிகைக் கடைக்காரர் கடனாகக் கொடுத்தார். "மரம் நம்ம வீட்டில நின்னுச்சு, அவ்வளவுதான். சாப்பிட்டது தெருவே" என்பார் அம்மா.

அந்தக் கதையைப் பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்த நான், வரலாற்றைப் படித்தபோது அதன் மறுபக்கத்தையும் அறிந்தேன். அந்த வேலைநிறுத்தத்தின்போது நாட்டின் பல இடங்களில் தொழிலாளர் குடும்பங்கள் குடியிருப்புகளிலிருந்து வெளியேற்றப்பட்டன. அவர்களோடு கொல்லை வரவில்லை. செடியை வளர்த்தவர் தொழிலாளி, நிலம் அவருடையதல்ல.

இதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே எங்கெல்ஸ் இதை ஆராய்ந்திருக்கிறார். "குடியிருப்புப் பிரச்சினை" நூலின் 1887ஆம் ஆண்டு முன்னுரையில், ஜெர்மானியக் கிராமப்புறக் குடிசைத் தொழிலாளர்களைப் பற்றி எழுதுகிறார். அவர்களுக்குச் சொந்தமாக வீடும் காய்கறித் தோட்டமும் இருந்தன. ஒரு காலத்தில் அதுவே அவர்களுக்குப் பாதுகாப்பாக இருந்தது. முதலாளித்துவப் போட்டி வளர்ந்த பிறகு, தோட்டத்தில் விளைந்ததைக் கணக்கிட்டு முதலாளி கூலியைக் குறைத்தான். தோட்டம் இருந்ததால் அந்தக் கூலியிலும் தொழிலாளி உயிர் வாழ முடிந்தது. அதனாலேயே கூலி உயரவில்லை. நாம் நம் வீட்டுத் தோட்டத்தால் மிச்சம் பிடிப்பதை எவன் எடுத்துக்கொள்கிறான் என்ற கேள்வியை அவர் நம்மிடம் விட்டுச் சென்றிருக்கிறார். சங்கம் வலுவாக இருந்தால் அது தொழிலாளியின் வேலைநிறுத்த நிதி. சங்கம் இல்லையென்றால் அது முதலாளிக்கு நாம் கொடுக்கும் தள்ளுபடி. மூத்த தோழரின் ஐயம் வெறும் முணுமுணுப்பு அன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பொதுவானபோது

அப்படியானால் தோட்டம் எப்போது தற்சார்பாகிறது? மூன்று இடங்களைப் பார்ப்போம்.

முதலாவது கியூபா. சோவியத் ஒன்றியம் வீழ்ந்தபின் எண்ணெயும் உரமும் உணவும் வருவது நின்றுபோக, அமெரிக்கா 1992இல் முற்றுகையை மேலும் இறுக்கியது. அப்போது ஹவானாவின் காலி மனைகளிலெல்லாம் காய்கறிப் பாத்திகள் எழுந்தன. மக்கள் ஆர்வம் மட்டுமே அதற்குக் காரணமன்று. பயிரிடும் வரை நிலத்தை வாடகையின்றிப் பயன்படுத்தும் உரிமையை அரசு வழங்கியது. விதைக்கும் கருவிக்கும் ஆலோசனைக்கும் நகரெங்கும் நிலையங்கள் அமைத்தது. 1997இல் தொடங்கிய அலமார் கூட்டுறவுப் பண்ணை இன்றும் பேசப்படுகிறது. அதே வேளையில் 1962 முதல் இருந்துவரும் ரேஷன் புத்தகத்தை, அளவு சுருங்கியபோதும், அரசு கைவிடவில்லை. அரிசி, பீன்ஸ், சர்க்கரையோடு உப்பும் அதில் அடக்கம். நகரத் தோட்டங்கள் கியூபாவைத் தன்னிறைவாக்கிவிடவில்லை. இன்றும் அந்நாடு உணவில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது. ஆனால் முற்றுகைக்கு நடுவே மண்டியிடாமல் நிற்க அவை உதவின. நான் முன்பு சொன்ன தற்சார்பு அதுதான்.

இரண்டாவது கேரளம். ஒட்டன்சத்திரத்திலிருந்தும் பிற தமிழகச் சந்தைகளிலிருந்தும் போகும் காய்கறியை நம்பி வாழும் மாநிலம் அது. ஆலப்புழை மாவட்டத்துக் கஞ்சிக்குழி ஊராட்சி, கடற்கரையையொட்டிய மணற்பாங்கான நிலத்திலேயே 1990களில் காய்கறி விளைவித்துக் காட்டியது. 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கத்தின் பெண்கள், சொந்த நிலம் இல்லாத நிலையில், குழுக்களாகச் சேர்ந்து தரிசு நிலங்களைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடுகிறார்கள். நிலமற்ற ஒரு பெண்ணுக்கு எவரும் குத்தகை தரமாட்டார். பெண்கள் குழுவாக வந்து, ஊராட்சியும் பின்னால் நிற்கும்போது தருகிறார்.

மூன்றாவது நம் வீட்டு வாசலில். ஐதராபாத்துக்கு மேற்கே ஏறக்குறைய நூறு கிலோமீட்டரில் ஜகீராபாத். அதைச் சுற்றிய கிராமங்களில் தலித் பெண்கள், 1983இல் தொடங்கிய தக்காண வளர்ச்சிச் சங்கத்தின் துணையோடு, தரிசாகக் கிடந்த நிலங்களைத் திருத்திச் சிறுதானியமும் பயறும் விளைவித்தார்கள். விதையைச் சாம்பலும் வேப்பிலையும் இட்டுப் பாதுகாத்து, வேண்டியவருக்குக் கொடுத்து, அறுவடைக்குப் பின் கூடுதலாகத் திரும்பப் பெறுவது அவர்கள் வழக்கம். பணம் புழங்காத வங்கி அது. பயிருக்கு நடுவே தானாக முளைக்கும் பலவகைக் கீரைகளை அவர்கள் களையென்று எறிவதில்லை; உணவென்று அறிவார்கள். பாணன் மனைவி கதவடைத்து உண்ட அதே வகைக் கீரை. இவர்களோ விழா எடுத்து, வண்டியில் விதைகளை ஏற்றி ஊர் ஊராகச் செல்கிறார்கள். 2019இல் ஐக்கிய நாடுகளின் ஈக்குவேட்டர் பரிசு அவர்களைத் தேடி வந்தது. கீரை மாறவில்லை, அவர்கள் கையில் நிலமும் விதையும் சங்கமும் இருந்தன.

உழவரை மறந்த தோட்டம்

நகரத்தில் மாடித் தோட்டம் வைப்போரில் பலர் அதற்குச் சொல்லும் காரணம், கடைக் காயில் மருந்து, மூசி ஆற்றங்கரைக் கீரையில் சாக்கடை என்பது. அச்சம் நியாயமானது. ஆனால் கழிவை ஆற்றில் விட்டவர் அந்தக் கீரை விவசாயி அல்லர். என் கீரை சுத்தமாக இருந்தால் போதும் என்று மாடிக் கதவைச் சாத்திக்கொண்டால், நாமும் சிறுபாணாற்றுப்படையின் கதவைத்தான் சாத்துகிறோம். அவள் வெட்கத்தால் சாத்தினாள், நாம் அலட்சியத்தால்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. இரண்டே மாதத்தில் விலை வீழ்ந்து, பறிகூலிக்குக் கூடக் கட்டாமல் உழவர்கள் தக்காளியைச் சாலையில் கொட்டினார்கள். நாம் கடையில் தக்காளிக்குத் தரும் ஒரு ரூபாயில் உழவரைச் சேர்வது ஏறத்தாழ 33 பைசா என்று ரிசர்வ் வங்கி 2024இல் வெளியிட்ட ஆய்வறிக்கை கூறுகிறது. மாடியில் நான்கு தக்காளிச் செடி வைத்திருப்பவருக்கு அந்த வியர்வையின் விலை தெரிந்திருக்க வேண்டும். ஒரு செடியைக் காய்க்கவைக்க எத்தனை பாடு என்று கையால் அறிந்தவர் உழவர் போராட்டத்தில் வேடிக்கை பார்ப்பவராக இருக்க முடியாது. தோட்டம் நமக்குத் தரக்கூடிய அரசியல் கல்வி அதுவே.

எந்த மாடி?

இந்தத் தெலங்கானா மண்ணில் தற்சார்பு என்ற சொல்லுக்கு ஓர் உருவம் உண்டு: பாலகுர்த்தியின் சாகலி ஐலம்மா. குத்தகை நிலத்தில் தானும் தன் மக்களும் பாடுபட்டு விளைவித்த பயிரை விஸ்னூர் தேஷ்முக் அபகரிக்க ஆள் அனுப்பியபோது, சங்கத் தோழர்கள் திரண்டு அறுவடையை அவர் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். விதைத்தவர் ஐலம்மா. விளைந்தது வீடு சேர்ந்தது சங்கத்தால்.

"எனக்கு எந்த மாடி?" என்று கேட்ட தோழருக்கு, கிளையின் ஒப்புதலோடு, இப்போது பதில் சொல்கிறேன்.

நம் அலுவலக மாடி. அதன் சாவி இன்று முதல் மொட்டைமாடி இல்லாத தோழர்களிடம் இருக்கும். முதல் இருபது பைகளும் மண்ணும் கிளைச் செலவு. நீர் ஊற்றும் முறையை எழுதி ஒட்டுவோம். அதில் ஆண் தோழர்களின் பெயர்தான் முதலில் வரும். ஏற்கெனவே நான்கு வீட்டுச் செடிகளுக்கு நீர் ஊற்றிவிட்டு வருபவரிடம் ஐந்தாவது வேலையைச் சுமத்துவது தற்சார்பாகாது.

இரண்டாவது, தோட்டம் வைக்கும் ஒவ்வொரு வீடும் ஒரு நாட்டு விதையைப் பொறுப்பேற்றுப் பெருக்கி, தைப் பொங்கலன்று இங்கே கொண்டுவர வேண்டும்.

மூன்றாவது, செகந்திராபாத்தில் வீணே கிடக்கும் அரசு மனைகளைப் பெண்கள் குழுக்களுக்குக் காய்கறி பயிரிடத் தரவேண்டும், அங்கன்வாடி வளாகங்களில் தோட்டமிட்டு அதற்கு நீரும் ஆளும் தரவேண்டும், ரேஷனில் அரிசியோடு பருப்பும் எண்ணெயும் உப்பும் தரவேண்டும் என்ற மூன்று கோரிக்கைகளை ஒரே மனுவில் எழுதியிருக்கிறோம். தெலுங்கில் ஒரு பக்கம், தமிழில் ஒரு பக்கம். வாசலில் மேசைமேல் இருக்கிறது. மூத்த தோழரே, முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும். தெருவில் நிற்கும் நாளில் நானும் உடன் நிற்பேன்.

இளந்தோழரே, உங்கள் மாடித் தோட்டத்தை விட்டுவிட வேண்டாம். விளைந்ததில் ஒரு கட்டுக் கீரையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். பதிலுக்கு என்ன வருகிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டுக்குக் கேழ்வரகு மாவு வந்தது.

புளிச்சக்கீரை விதைப் பொட்டலங்களும் அதே மேசைமேல் உள்ளன. கையெழுத்திட்டுவிட்டு ஆளுக்கொன்று எடுத்துச் செல்லுங்கள்.